கணக்கில் வராத பிழை

மே மாதத்தில் மேனிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து வீடுகளில் ஒரே கேள்வி உலவத் தொடங்குகிறது: "கல்லூரியில் இடம் கிடைக்குமா?" பெரும்பாலான வீடுகளில் இது மதிப்பெண்ணைப் பற்றிய கேள்வி. சில வீடுகளில் மட்டும் இதனோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. பிறவியிலேயே கால் வளைந்த மகன், பார்வை மங்கிய மகள், காது கேளாத பேரன் என்று ஒருவர் அவ்வீட்டில் தேர்ச்சி பெற்றிருப்பார். "இந்த உடம்போடு இடம் தருவார்களா? தந்தாலும் போய்வர முடியுமா?" என்று பெற்றோர் கேட்பார்கள்.

அப்போது யாரேனும் ஒருவர் விடை சொல்கிறார். அவர் தாய்மாமனாக இருக்கலாம், தலைமையாசிரியராக இருக்கலாம், கணினி மையத்தில் விண்ணப்பம் நிரப்பித் தருபவராகவோ, பங்குத்தந்தையாகவோ இருக்கலாம். "எதற்கு இந்த அலைச்சல்? வீட்டோடு இருந்து ஒரு கைத்தொழில் கற்றுக்கொள்ளட்டுமே" என்பது அடிக்கடி கேட்கும் விடை. சொல்பவருக்குத் தீய எண்ணம் ஏதுமில்லை. அன்பினாலும் அச்சத்தினாலும் பிறக்கும் சொல் அது. அதை அறிவுரை என்றே நாம் கருதுகிறோம். தீர்ப்பு என்று கருதுவதில்லை. ஆனால் அச்சொல்லோடு ஒரு மாணவரின் படிப்பு முடிந்துவிடுகிறது.

ஒருவருடைய வாய்ப்பை மதிப்பிடுவது வெறும் கணக்குத்தானா? அல்லது அது அவருக்கு நாம் இழைக்கும், அல்லது ஆற்றும், ஒரு செயலா? செயல் என்றால் அது மனச்சான்றின் விசாரணைக்கு உட்பட்டதாகும். இதைச் சற்று நின்று சிந்திப்போம்.

சட்டம் தரும் கணக்கு

உண்மை நிலையை அறியாமல் அறத்தைப் பேசுவதில் பயனில்லை. ஆகவே முதலில் கணக்கையே பார்ப்போம்.

1995ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய ஊனமுற்றோர் சட்டம், அரசுக் கல்வி நிறுவனங்களிலும் அரசின் உதவி பெறும் கல்வி நிறுவனங்களிலும் 3 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கியது. ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே அச்சட்டம் ஏற்றிருந்தது. ஐக்கிய நாடுகள் அவை 2006இல் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கைக்கு 2007இல் இந்தியா ஒப்புதல் அளித்தது. அதன் தொடர்ச்சியாக 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிறந்தது. மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு, கற்றல் குறைபாடு, ஹீமோபிலியா உள்ளிட்ட 21 வகைகளை இப்புதிய சட்டம் ஏற்கிறது. அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களிலும் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்குகிறது. வயது வரம்பிலும் ஐந்தாண்டுத் தளர்வு தருகிறது. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையவில்லை என்னும் சான்றிதழ் உடையவருக்கு இவ்வொதுக்கீடு உண்டு.

இதை நம் ஊர்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. திண்டிவனத்தில் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. இக்கல்லூரிகளின் இளநிலைப் படிப்புகளில் சேர மேனிலைத் தேர்வு மதிப்பெண்ணே அடிப்படை. அதற்கென நுழைவுத் தேர்வு கிடையாது. பொதுக் கலந்தாய்வுக்கு முன்னரே சிறப்புப் பிரிவினருக்கான கலந்தாய்வு நடைபெறுகிறது. மாற்றுத்திறனாளி மாணவர் அதில் இடம்பெறுவர். அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகளும் இவ்விரு ஊர்களில் உள்ளன. பொறியியல் கலந்தாய்விலும் 5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. நூறு இடங்களில் ஐந்து என்பது சிறிய எண் போலத் தோன்றும். ஆனால் அந்த ஐந்துக்குப் போட்டியிடுவோர் எத்தனை பேர் என்று பார்த்தால், தேர்ச்சி பெற்ற மாற்றுத்திறனாளி மாணவருக்குத் தாளில் உள்ள வாய்ப்பு பல வேளைகளில் நல்ல வாய்ப்பே என்பது விளங்கும்.

மூன்று எண்கள்

தாளில் நல்ல வாய்ப்பு இருந்தும் நிலைமை எப்படி இருக்கிறது? 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர், மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. தமிழகத்தில் மட்டும் 11 இலட்சத்து 79 ஆயிரம் பேர். நடுவண் கல்வி அமைச்சகம் நடத்தும் உயர்கல்வி பற்றிய அனைத்திந்திய ஆய்வு, 2019-20ஆம் கல்வியாண்டில் நாடெங்கும் உயர்கல்வியில் இருந்த மாற்றுத்திறனாளி மாணவர் 92,831 பேர் என்று கண்டது. பெருந்தொற்று பரவிய 2020-21இல் மொத்த மாணவர் எண்ணிக்கை 3 கோடியே 85 இலட்சத்திலிருந்து ஏறத்தாழ 4 கோடியே 14 இலட்சமாக உயர்ந்தது. ஆனால் மாற்றுத்திறனாளி மாணவரின் எண்ணிக்கை 79,035 ஆகக் குறைந்தது.

இவ்வெண்களை ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று மாற்றிப் பார்ப்போம். சட்டம் ஒதுக்குவது ஆயிரத்துக்கு 50 இடம். மக்களிடையே மாற்றுத்திறனாளிகள் ஆயிரத்துக்கு 22 பேர். வகுப்பறையில் இருப்பவரோ ஆயிரத்துக்கு ஏறத்தாழ இருவர். மக்கள்தொகைக் கணக்கில் முதியோரும் அடங்குவராதலால் முதலிரண்டு எண்களையும் மூன்றாவதோடு நேருக்குநேர் ஒப்பிட இயலாதுதான். எனினும் முதுமையைக் காட்டி மட்டும் விளக்கிவிடக் கூடிய இடைவெளி அன்று இது.

இடையில் காணாமற்போனவர்கள் எங்கே? ஒரு பகுதியினர் பள்ளியிலேயே நின்றுவிட்டனர். ஒரு பகுதியினர் கல்லூரி வாசலில் திருப்பி அனுப்பப்பட்டனர். மூன்றாவது ஒரு பகுதியினரும் உண்டு. அவர்கள் தேர்ச்சி பெற்றார்கள். ஆனால் விண்ணப்பிக்கவே இல்லை. திருப்பி அனுப்பப்பட்டவருக்கு ஒரு கடிதமாவது சான்றாக இருக்கும். விண்ணப்பிக்காதவருக்கு எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. நம் சிந்தனைக்கு உரியவர்கள் இவர்களே. இவர்களை நிறுத்தியது பெரும்பாலும் நம் வீட்டுத் திண்ணையில் சொல்லப்பட்ட ஒரு சொல்.

படிக்கட்டு யாருடையது?

"வாய்ப்பு" என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பதில் மூன்று பொருள்கள் கலந்துள்ளன. ஒன்று, மாணவருக்கு உரியது: அவருடைய மதிப்பெண், ஆர்வம், உழைப்பு. இரண்டாவது, சட்டத்துக்கு உரியது: இடங்களின் எண்ணிக்கை, ஒதுக்கீடு, சான்றிதழ். மூன்றாவது, சமூகமாகிய நமக்கு உரியது: கல்லூரி வாசலின் படிக்கட்டு, மாடியில் அமைந்த வகுப்பறை, ஆய்வுக்கூட மேசையின் உயரம், பேருந்தின் படி, கழிப்பறைக் கதவின் அகலம், கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லாத ஆசிரியரின் பழக்கம். "இவனுக்கு வாய்ப்பு குறைவு" என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் மூன்றாவதையே அளக்கிறோம். ஆனால் அதை முதலாவதன் கணக்கில் எழுதிவிடுகிறோம். நாம் கட்டிய படிக்கட்டு அவனுடைய காலின் குறையாகிவிடுகிறது.

இது சொல்விளையாட்டு என்று சிலருக்குத் தோன்றலாம். நம் வட்டாரத்தின் வரலாற்றை நினைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. விழுப்புரத்தின் அரசு கலைக் கல்லூரி தொடங்கப்பெற்றது 1968இல். திண்டிவனத்துக் கல்லூரி 1969இல். இரண்டும் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் ஊர்கள். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல்தான். அக்கல்லூரிகள் தோன்றுவதற்கு முன்னர் இப்பகுதி இளைஞர் பட்டம் பெற விரும்பினால் சிதம்பரத்துக்கோ, புதுச்சேரிக்கோ, சென்னைக்கோ செல்ல வேண்டியிருந்தது. விடுதிச் செலவுக்கு வழியில்லாத உழவர் மகனுக்குப் பட்டப்படிப்பின் வாய்ப்பு மிகக் குறைவு. அதைக் கண்ட எவரும், "விழுப்புரத்து இளைஞரின் கால்கள் வலுவற்றவை, அதனால் சிதம்பரம் வரை செல்ல இயலவில்லை" என்று சான்றிதழ் எழுதித் தரவில்லை. கல்லூரி தொலைவில் இருக்கிறது என்றே சொன்னார்கள். அருகில் ஒன்றைக் கட்டினார்கள். அதன் பின்னர் அதே கால்களோடு அதே இளைஞர் பட்டதாரிகள் ஆனார்கள்.

ஒரு வட்டாரம் முழுமைக்கும் அன்று காட்டப்பட்ட நியாயத்தை ஒரு தனி மாணவிக்குக் காட்ட மறுப்பது எங்ஙனம் அறமாகும்? அன்று பல கிலோமீட்டர் தொலைவு குறைக்கப்பட்டது. இன்று குறைக்க வேண்டியது நான்கைந்து படிகளின் உயரத்தை மட்டுமே. முதலாவதை வளர்ச்சி என்கிறோம். இரண்டாவதைச் சலுகை என்கிறோம். இந்தச் சொல் வேறுபாட்டுக்கு நியாயமான காரணம் ஏதும் புலப்படவில்லை.

2016ஆம் ஆண்டுச் சட்டமும் இதையே தன் மொழியில் சொல்கிறது. ஒருவருடைய நிலைக்கேற்ப, நிறுவனத்தின் மேல் அளவுமீறிய சுமையை ஏற்றாத வகையில், செய்து தரத்தக்க மாற்றங்களைச் செய்ய மறுப்பது பாகுபாடு என்று அச்சட்டம் வரையறுக்கிறது. சாய்தளம் இல்லாமை ஒரு கட்டடக் குறை என்ற நிலை மாறி, அநீதி என்ற நிலைக்கு வந்துவிட்டது.

உலகறிந்த ஒரு நிகழ்ச்சி இதற்குச் சான்று கூறும். கண்பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லர் அமெரிக்காவின் ராட்கிளிஃப் கல்லூரியில் சேர 1899இல் நுழைவுத் தேர்வு எழுதினார். இயற்கணித வினாத்தாள் அவருக்கு அமெரிக்கப் பிரெயில் குறியீடுகளில் வழங்கப்பட்டது. அவர் இயற்கணிதம் பயின்றதோ ஆங்கிலேயப் பிரெயில் முறையில். இரண்டுக்கும் கணிதக் குறிகள் வெவ்வேறு. தேர்வுக்கு இரண்டு நாள் முன்னரே அவ்வேறுபாடு அவருக்குத் தெரியவந்தது. அன்று அவர் தோற்றிருந்தால், "பார்வையற்றவருக்குக் கணிதம் வராது" என்றே உலகம் முடிவு செய்திருக்கும். குறியீடு மாறிய கதை யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் தேறினார், 1904இல் சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்றார். ஆயினும் நம்மை உறுத்த வேண்டியது அவருடைய வெற்றியைவிட அந்த வினாத்தாளே. அது அளந்தது கணித அறிவையா, வேறொன்றையா?

விழுக்காடு எதை அளக்கிறது?

வாய்ப்பை மதிப்பிடுவோர் பெரிதும் நம்பும் எண் ஒன்று உண்டு. அது சான்றிதழில் உள்ள விழுக்காடு. 60 விழுக்காடு என்று கண்டால், மாணவருடைய திறமையில் 40 மட்டுமே எஞ்சியிருப்பதாக மனம் தானே கழித்துக்கொள்கிறது. இக்கழித்தல் தவறானது. மருத்துவர் அளப்பது ஓர் உறுப்பின் இயக்கத்தை, அல்லது ஒரு புலனின் கூர்மையை. இலக்கியம் கற்கும் ஆற்றலையோ, கணக்குப் பதிவியலின் நுட்பத்தையோ அந்த எண் தொடுவதேயில்லை.

விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. அங்குச் செல்லும் மாற்றுத்திறனாளி ஒருவர் நோயாளியாகவே செல்ல வேண்டும் என்பது நம்மில் பலருடைய சொல்லப்படாத எண்ணம். அவரே அங்கு மாணவராகச் செல்ல விரும்பினால்? மருத்துவப் படிப்பைப் பொறுத்தவரை நெடுங்காலம் விழுக்காடே வாயிற்காவலனாக நின்றது. இரு கைகளும் பழுதின்றி இருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. 2024 அக்டோபரில், ஓம்கார் கோண்ட் என்ற மாணவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தெளிவைத் தந்தது. குறைபாட்டின் விழுக்காட்டை மட்டும் காட்டி ஒருவரை விலக்கலாகாது. அப்படிப்பைப் பயில அவரால் இயலுமா என்பதை மதிப்பீட்டுக் குழு ஆராய்ந்து, இயலாது என்றால் அதற்கான காரணத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்றது அத்தீர்ப்பு. 2025 பிப்ரவரியில் அன்மோல் என்ற மாணவரின் வழக்கில், இரு கைகளும் பழுதின்றி இருக்க வேண்டும் என்ற விதியையும் அரசியலமைப்பின் நெறிக்கு மாறானது என்று நீதிமன்றம் கண்டது.

இத்தீர்ப்புகளில் ஓர் அறப்பாடம் அடங்கியுள்ளது. "இயலாது" என்று சொல்பவரே காரணம் காட்ட வேண்டும். இதுகாறும் நாம் அதற்கு நேர்மாறாகவே நடந்து வந்தோம். தம்மால் இயலும் என்று மெய்ப்பிக்கும் சுமையைப் பதினேழு வயது மாணவரின் தோளில் ஏற்றினோம். இயலாது என்று சொல்லும் உரிமையைக் காரணமேதும் கேட்காமல் நமக்கு எடுத்துக்கொண்டோம்.

மழையும் மாணவரும்

நாளை மழை பெய்யாது என்று வானிலை ஆய்வாளர் சொல்வதை மேகம் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. அவர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பெய்ய வேண்டிய மழை பெய்யும். மாணவரின் நிலை அவ்வாறன்று. நாம் அவரைப் பற்றிச் சொல்வதை அவர் கேட்கிறார்; அவருடைய தாய் கேட்கிறார்; பயணச் செலவுக்குப் பணம் எடுத்துத் தர வேண்டிய தந்தை கேட்கிறார். "கிடைக்காது" என்ற சொல்லால் விண்ணப்பம் நின்றுபோகிறது. விண்ணப்பம் நின்றதால் இடம் கிடைக்காமற்போகிறது. பிறகு, "நான் அன்றே சொன்னேனே" என்று நம் கணிப்பு பலித்ததாக எண்ணிக்கொள்கிறோம். தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்ளும் கணிப்பு அது.

மதிப்பீட்டில் இருவகைப் பிழைகள் நேரலாம். இடம் கிடைக்காத ஒருவருக்குக் கிடைக்கும் என்று நம்பிக்கை தருவது ஒன்று. இடம் கிடைக்கக்கூடிய ஒருவரைக் கிடைக்காது என்று நிறுத்துவது மற்றொன்று. முதற்பிழை விரைவில் வெளிப்பட்டுவிடும். கலந்தாய்வில் இடம் இல்லை என்று தெரியும், மாணவர் வருந்துவார், வேறு கல்லூரியை நாடுவார், நம்மிடம் வந்து, "நீங்கள் சொன்னது தவறு" என்று சொல்லவும் கூடும். இரண்டாம் பிழை வெளிப்படுவதே இல்லை. விண்ணப்பிக்காத மாணவருக்கு இடம் கிடைத்திருக்குமா என்பதை எவராலும் சோதிக்க இயலாது. தவறு நேர்ந்ததற்கு அடையாளம் ஏதும் இல்லை. ஆகையால் அதைச் சொன்னவர் திருத்தப்படுவதும் இல்லை. அடுத்த ஆண்டு அடுத்த வீட்டிலும் அதே சொல்லை அதே உறுதியோடு சொல்வார். அறிவுரையில் அனுபவம் முதிர்ந்தவர் என்ற பெயரும் அவருக்குக் கிடைக்கும்.

ஒரு பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். மற்றது என்றென்றும் மறைந்திருக்கும். இவற்றில் எதற்கு நாம் அதிகம் அஞ்ச வேண்டும்? மறைந்திருக்கும் பிழைக்கே. விவேகம் என்ற நற்பண்பைப் பற்றி நாம் மறைக்கல்வி வகுப்புகளில் கற்றிருக்கிறோம். அச்சத்தினால் வாயிலை மூடுவது விவேகம் ஆகாது. எப்பிழை திருத்தத்தக்கது, எது திருத்த இயலாதது என்று பகுத்தறிவதே விவேகம்.

பொய் நம்பிக்கை என்னும் கவலை

"அப்படியானால் எல்லார்க்கும் எல்லாம் கிடைக்கும் என்று சொல்லிவிடலாமா? ஏழைப் பெற்றோருக்குப் பொய் நம்பிக்கை தருவதும் கொடுமைதானே?" என்று ஒருவர் கேட்கலாம். நேர்மையான கேள்வி இது. விண்ணப்பக் கட்டணம், பயணச் செலவு, ஒரு நாள் கூலி இழப்பு ஆகியவை நம் சிற்றூர்க் குடும்பங்களுக்குச் சிறியவை அல்ல. சேர்ந்தபின் வசதியின்றி ஓராண்டில் திரும்பிவந்து மனமுடைந்து போவோரும் உண்டு.

இதற்கு விடை, செய்தியைச் சொல்வதையும் தீர்ப்பளிப்பதையும் பிரித்தறிவதில் இருக்கிறது. செவித்திறன் இழந்த மாணவர் ஒருவர் நம்மிடம் வருகிறார் என்போம். "காது கேளாதவனுக்குக் கல்லூரி எதற்கு?" என்பது தீர்ப்பு. "கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்" என்பது ஆறுதல். "இங்குள்ள கல்லூரியில் சைகைமொழி பெயர்ப்பாளர் இருக்கிறாரா என்று முதலில் கேட்போம். சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தோருக்கெனவே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் உண்டு, அடையாற்றில் அவர்களுக்கெனப் புனித லூயிஸ் கல்லூரியும் உண்டு. திண்டிவனத்திலிருந்து சென்னை 120 கிலோமீட்டருக்கு மேல். ஆகையால் விடுதி தேவைப்படும். அதற்கு என்ன வழி என்று பார்ப்போம்" என்பது செய்தி. செய்தியைத் தருபவர் மாணவருக்குப் பதிலாக முடிவெடுப்பதில்லை. அவர் முடிவெடுக்க உதவுகிறார்.

திண்டிவனத்தில் வாழும் சக்கர நாற்காலி மாணவிக்கு விழுப்புரத்தில் இடம் கிடைத்தால், நாள்தோறும் சுமார் 40 கிலோமீட்டர் போக, அதே தொலைவு வர வேண்டும். அந்த உண்மையை மறைப்பது அன்பு ஆகாது. அதைச் சொல்லிவிட்டு, தொடர்வண்டியா பேருந்தா, வகுப்பறை தரைத்தளத்தில் அமையுமா, கழிப்பறை எப்படி என்று அவளோடு சேர்ந்து விசாரித்து அறிவதே அன்பு. சேர்க்கைக்கு முன்னரே கல்லூரி முதல்வரிடம் எழுத்து வடிவில் கேட்டால், வகுப்பறையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவது போன்ற செலவில்லாத மாற்றங்கள் பல எளிதாக நடந்துவிடும். சேர்ந்தபின் துன்புற்றுக் கேட்பதைவிட அது நன்று.

இங்கு இன்னொரு பொறியிலும் நாம் விழாதிருக்க வேண்டும். முழுப் பார்வையிழப்புள்ளவர்களில் முதன்முதலாக 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த பெனோ செஃபைன் சென்னையைச் சேர்ந்தவர். லிட்டில் ஃபிளவர் கான்வென்ட் பார்வையற்றோர் பள்ளி, ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி, இலயோலாக் கல்லூரி ஆகியவற்றில் பயின்றவர். நம் துறவற சபைகள் நடத்தும் நிறுவனங்கள் அவருக்கு வழிவிட்டன என்பதில் நாம் மகிழலாம். ஆனால் அவரைச் சுட்டிக்காட்டி, "அவரைப்போல் ஆக முடியுமானால் படி" என்று மற்றொரு மாணவியிடம் சொல்வது அநீதி. உடல்நலம் வாய்ந்த மாணவர் இரண்டாம் வகுப்பில் தேறி, ஓர் எளிய வேலைக்குச் சென்று, இயல்பாக வாழ உரிமை பெற்றிருக்கிறார். மாற்றுத்திறனாளி மாணவருக்கும் அதே உரிமை உண்டு. சாதனையாளராக விளங்கினால்தான் கல்லூரியில் இடம் என்றால் அது சமத்துவம் ஆகாது.

சொல்வதா, மறைப்பதா?

விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளி என்று குறிப்பிடும் கட்டம் ஒன்று உண்டு. அதில் குறியிடத் தயங்கும் குடும்பங்கள் நம் பங்குகளிலும் உள்ளன. "சலுகையில் வந்தவன் என்று சொல்வார்கள்" என்ற நாணம் ஒருபுறம். "அடுத்தவளுடைய திருமணப் பேச்சு கெட்டுவிடும்" என்ற அச்சம் மறுபுறம். வெளியில் தெரியாத குறைபாடுகளில், குறிப்பாகக் கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவற்றில், இத்தயக்கம் இன்னும் மிகுதி.

ஒதுக்கீடு என்பது இரக்கத்தால் இடப்படும் பிச்சையன்று என்பதை முதலில் உணர வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் உயர்ந்த படிகளில் ஏறி, சிறிய எழுத்துகளைத் துழாவிப் படித்து, பிறரைவிட இருமடங்கு உழைத்து ஒருவர் பெற்ற மதிப்பெண்ணுக்கு, நேர்மையான எடை தரும் முயற்சியே ஒதுக்கீடு. அதை ஏற்பதில் நாணத்துக்கு இடமில்லை. எனினும் சொல்வதா வேண்டாவா என்பது அம்மாணவரின் உரிமை. அவரைக் கேளாமல் அவருடைய உடல்நிலையை ஊரறியப் பேசுவதும், குடும்ப மானம் கருதி அவரை மறைத்து வைப்பதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். இரண்டிலும் அவருடைய உடல் பிறருடைய பொருளாகிவிடுகிறது.

சான்றிதழில் 40 விழுக்காட்டை எட்டாதவர் என்ன செய்வது? அவருக்கு இட ஒதுக்கீடு இல்லை. ஆனால் அத்துடன் எல்லாம் முடிந்துவிடவில்லை. எழுதும்போது கை இறுகிவிடும் நோயுடைய விகாஷ் குமார் என்பவர், குடிமைப் பணித் தேர்வில் தமக்காக எழுதித் தர ஒருவர் வேண்டும் என்று கேட்டு மறுக்கப்பட்டார். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எழுதித் தருபவரின் உதவியை 40 விழுக்காட்டு வரம்புக்குள் அடைக்கலாகாது என்றது. ஒதுக்கீட்டுக்கு எல்லை உண்டு. உதவி பெறும் உரிமைக்கு அந்த எல்லை இல்லை. இவ்வேறுபாட்டை அறியாமல் வீட்டோடு நின்றுபோனவர் எத்தனை பேரோ!

நம் வாசலில்

உடலைக் கண்டு தகுதியை அளக்கும் பழக்கத்துக்குத் திருச்சபையும் முற்றிலும் புறம்பானதாக இருந்ததில்லை. உடற்குறையினால் பீடப்பணியைப் பாதுகாப்பாகவோ தகவுடனோ ஆற்ற இயலாதவரைத் திருப்பட்டம் பெறத் தடையுள்ளவர் என்று 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு வகைப்படுத்தியிருந்தது. 1983ஆம் ஆண்டின் புதிய தொகுப்பில் அத்தடை இடம்பெறவில்லை. ஏற்கவிருக்கும் பணிக்குத் தேவையான உடல், உள்ளத் தகுதிகள் வேட்பாளரிடம் உண்டா என்பதே நோக்கப்படுகிறது. உடலில் என்ன குறை என்ற கேள்வி, இப்பணியை ஆற்ற இயலுமா என்ற கேள்வியாக மாறியது. நாற்பத்தோராண்டுகள் கழித்து மருத்துவக் கல்லூரிகளுக்கு உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுவே.

சட்டத்தின் 5 விழுக்காடு அரசுக் கல்லூரிகளையும் அரசு உதவி பெறும் கல்லூரிகளையும் குறித்துப் பேசுகிறது. சுயநிதிக் கல்லூரிகளை அது கட்டுப்படுத்தவில்லை. அங்குச் சட்டம் மௌனம் காக்கும் இடத்தில் மனச்சான்று பேச வேண்டும். நம்மவர் நடத்தும் கல்லூரிகளின் நிர்வாகக் குழுக்களில் பொதுநிலையினரும் அமர்ந்திருக்கிறார்கள். சாய்தளம் உண்டா, பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு எழுதித் தர ஆள் உண்டா, கடந்த ஆண்டு எத்தனை மாற்றுத்திறனாளி மாணவர் விண்ணப்பித்தனர், எத்தனை பேர் சேர்ந்தனர் என்ற கேள்விகளை அவர்கள் ஒரு கூட்டத்திலாவது எழுப்பலாம்.

பங்கு மக்களாகிய நமக்கும் பணி உண்டு. திருவிழாவுக்கு வரி பிரிக்க வீட்டுக்கு வீடு கணக்கெடுக்கும் நாம், நம் பங்கில் இவ்வாண்டு மேனிலை வகுப்பு முடிக்கும் மாற்றுத்திறனாளி மாணவர் யாவர் என்று கணக்கெடுப்பது அரிதன்று. சான்றிதழ் பெற மருத்துவமனைக்கு உடன் செல்ல ஒருவர், கலந்தாய்வு நாளில் துணைக்கு ஒருவர், கல்லூரிக்கு முன்கூட்டியே சென்று படிகளை எண்ணிவர ஒருவர், தேர்வு எழுதித் தரும் பட்டியலில் பெயர் கொடுக்க இளைஞர் இயக்கத்தினர் சிலர் என்று ஆட்களைக் கண்டறியலாம். இவற்றுக்குப் பெரும்பணம் வேண்டியதில்லை, நேரமே வேண்டும்.

எல்லா விண்ணப்பங்களும் ஏற்கப்பட மாட்டா. சில மறுக்கப்படும், அம்மறுப்புகளில் சில நியாயமானவையாகவும் இருக்கும். ஆனால் மறுக்கப்பட்ட விண்ணப்பம் ஒரு சான்று. காரணம் கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம், அடுத்த ஆண்டு வேறு வழி பார்க்கலாம். எழுதப்படாத விண்ணப்பத்தைக் கொண்டு எதையும் செய்ய இயலாது. அடுத்த மே மாதத்தில் நம்மிடம் ஒரு தாய் வந்து, "என் பிள்ளைக்கு இடம் கிடைக்குமா, ஐயா?" என்று கேட்டால், விடை நமக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்றே சொல்வோம். சொல்லிவிட்டு, அத்தாயோடு அமர்ந்து விண்ணப்பத்தை எழுதுவோம்.